ஒரு நாளைக்கு ஆறு குரும்பை

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு தை மாதத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்பில் நடந்தது இது. இதில் என் பங்கு பெருமைப்படும்படி இல்லை என்பதால் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எனக்குப் பிறந்த வீடு பொள்ளாச்சிப் பக்கம். கல்யாணமாகி மாநில எல்லையைத் தாண்டி இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. தோப்பு, நாலு மாடு, மாமியார், வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். இதற்கு நடுவில் ஆறேழு சிறுகதைகள் எழுதி, அதில் மூன்று அச்சிலும் வந்துவிட்டன. நாவல் எழுதப்போகிறேன் என்று மட்டும் பதினோரு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்கிறவர்கள் சலித்துப்போய், கடைசியில் விசாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தை மாதம் கோயம்புத்தூர்ப் பதிப்பகம் ஒன்று நாவல் போட்டி அறிவித்தது. இருநூறு பக்கத்துக்குக் குறையக்கூடாது. கடைசி நாளுக்கு நாற்பது நாள் இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னபோது, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "எழுதேன், யாரு வேண்டாங்கறாங்க" என்றார். அது சம்மதமா சலிப்பா என்று ஆராய்ந்துகொண்டிருக்க எனக்கு நேரமில்லை. இந்தத் தடவையும் எழுதாவிட்டால் இனி ஜென்மத்துக்கும் எழுதமாட்டேன் என்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

நாளைக்கு ஐந்து பக்கம் என்று கணக்குப் போட்டு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். எட்டு நாளில் பதினோரு பக்கம் வந்தது. அதில் முதல் பக்கத்தை மட்டும் ஒன்பது தடவை அடித்துத் திருத்தியிருந்தேன். மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்தால் ஒரு வரி போகும். திரும்பி வந்து உட்கார்ந்தால் அதற்கு முந்தின வரியும் பிடிக்காமல் போகும். என் லட்சணம் இவ்வளவுதான் என்று நோட்டை மூடப்போனபோது, பத்தாவது படிக்கிற என் மகள் செல்போனில் ஒரு வழி காட்டினாள். நாம் பேசினால் போதும், அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும். எழுதியதில் நாலில் ஒரு பங்கு உளறலாக இருந்தது. இருந்தாலும் மத்தியானம் எல்லோரும் கண் அசரும் நேரத்தில் அதைத் திருத்திவிடலாம். அடித்தல் கிடையாது, ஒன்பது தடவை திருத்த இடம் கிடையாது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

வீட்டுக்குள் பேசமுடியாது. "யாருகூடப் பேசற?" என்று மாமியார் கேட்பார். அதனால் காலை வேலை முடிந்து பத்து மணிக்குமேல் தோப்புக்குப் போனேன். கிணற்றடியில் தொடங்கி, வாய்க்கால் வரைக்கும் போய், வேலி ஓரமாகத் திரும்பிக் கிணற்றுக்கு வந்தால் ஒரு சுற்று. பேசிக்கொண்டே நடந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு பக்கம் வந்தது. விட்டதையும் சேர்த்துப் பிடிக்க நாளைக்கு ஆறு பக்கம் வேண்டும். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் குரும்பைகளில், அதாவது பிஞ்சுத் தேங்காய்களில், ஆறை எடுத்துக் கிணற்றுச் சுவரின் ஒரு ஓரத்தில் வைப்பேன். ஒரு சுற்று முடிந்தால் ஒரு குரும்பையை மறு ஓரத்துக்குத் தள்ளுவேன். ஆறும் தள்ளாமல் வீட்டுக்குப் போகக்கூடாது. பேசியது நன்றாக இருக்கிறதா என்று திரும்பிக் கேட்கவும் கூடாது. சட்டம் இவ்வளவுதான்.

நம்பமாட்டீர்கள், ஓடியது. புகுந்த வீட்டில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, இனி இருக்கமுடியாது என்று முடிவுக்கு வருகிற ஒருத்தியின் கதை அது. அவளே தன் வாயால் சொல்வதுபோல, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே வைத்திருந்தேன். அவள் அழுகிற இடத்தில் நானும் அழுதேன். அழுதால் அடுத்த வரி சீக்கிரம் வந்தது. அவள் புருஷனைத் திட்டுகிற இடத்தில் மாடு திரும்பிப் பார்க்கும்படி திட்டினேன். தோப்பில் கேட்க யார் இருக்கிறார்கள் என்ற தைரியம்தான்.

எங்கள் கிணற்றைச் சுற்றியிருக்கும் பன்னிரண்டு மரம் கள்ளுக்கு விட்டது. கள் இறக்குகிறவரை இந்தப் பக்கம் செத்துக்காரர் என்பார்கள். எங்கள் மரங்களுக்கு வந்துகொண்டிருந்தவர் பக்கத்து ஊரான எலப்புள்ளிக்காரர், என் வயதுதான் இருக்கும், எதிர்ப்பட்டால் என்னைச் சேச்சி, அதாவது அக்கா, என்பார். விடிந்ததும் வந்து இறக்கிக்கொண்டு போவார். பத்து மணிக்குமேல், கள் நன்றாக ஊறப் பாளை தட்ட மறுபடி வருவார், சாயங்காலம் இன்னொரு தடவை. உச்சியில் உட்கார்ந்து கட்டையால் பாளையைத் தட்டும் சத்தம் டக் டக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நான் கதை பேசிய அதே நேரம்தான். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. என் சத்தம் அங்கே கேட்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அவரை மரத்தோடு மரமாகத்தான் வைத்திருந்தேன், ஓர் ஆளாக எண்ணவில்லை.

நாவல் பாதியை நெருங்கும்போது கிணற்றுக் கயிறு காணாமல் போனது. முந்தின நாள் சாயங்காலம் மாமியார் தண்ணீர் சேந்தியிருந்தார், காலையில் வாளி மட்டும் கிடந்தது. இரண்டு நாள் கழித்து, மோட்டார் ரூமில் வைத்திருந்த மருந்து பாட்டிலும் போனது. தென்னையில் வண்டு விழுந்தால் ஊற்றுவது, அரை பாட்டில் இருந்தது. வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த எலப்புள்ளிக்காரன் ஒரு வாரமா மொகங்குடுத்தே பேசறதில்ல. எதுத்தாப்புல வந்தாலும் தலையத் திருப்பிக்கறான்" என்றார். அப்போது நான் மாட்டுக்குப் புண்ணாக்குக் கரைத்துக்கொண்டிருந்தேன். "அந்த ஆளாத்தான் இருக்கும், வேற யாரு வர்றாங்க தோப்புக்கு" என்று சொல்லிவிட்டேன்.

பால்காரர் வருகிறார், வாய்க்கால் வெட்ட ஆட்கள் வருகிறார்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் குறுக்கே நடக்கிறார்கள். எனக்கு அவர் ஒருவர் நினைவுதான் வந்தது. வீட்டுக்காரர் கள்ளுக் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, ஆளை மாற்றச் சொன்னார். நாளையோடு நிறுத்திவிடுகிறேன் என்று கான்ட்ராக்டரும் சொல்லிவிட்டார். நான் புண்ணாக்கைக் கரைத்து முடித்தேன். மனதில் அடுத்த நாள் பேசவேண்டிய அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அத்தியாயத்தில் என் கதைக்காரி கிணற்றுக்கு வருகிறாள். தொண்ணூற்றைந்தாவது பக்கத்தில் அவள் குதித்துவிடவேண்டும், மிச்ச நூறு பக்கத்தை அவள் புருஷன் நினைத்து நினைத்துப் புலம்பவேண்டும் என்பது என் திட்டம். ஐந்து குரும்பை தள்ளியாகிவிட்டது. ஆறாவது சுற்றில் வார்த்தை வரவில்லை. உட்கார்ந்து பார்த்தால் வரும் என்று கிணற்றுச் சுவரில் ஏறி, காலை உள்பக்கம் தொங்கப் போட்டேன். புத்தி கெட்ட வேலைதான். வார்த்தை வந்தது. "எம்புள்ளைக ரெண்டையும் பாத்துக்குங்க, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொன்னேன்.

டக் டக் நின்றுபோனது. "சேச்சீ, எறங்குங்க!" என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் மரத்தில் சரசரவென்று உராயும் சத்தம். நான் பயந்து சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் இறங்கி ஓடிவந்து நாலடி தள்ளி நின்றார். நெஞ்சும் முழங்கையும் சிராய்த்து ரத்தம் துளிர்த்திருந்தது. தோப்புக்காரர் வீட்டுப் பெண்ணின் கையைப் பிடிக்கத் தயக்கம், விட்டுவிடவும் பயம். தலையில் கட்டியிருந்த துண்டை உருவி ஒரு நுனியை என் பக்கம் நீட்டினார்.

"இதப் புடிச்சுட்டு வாங்க சேச்சி. நீங்க போயிட்டா அந்தப் புள்ளைகளுக்கு ஆருங்க இருக்கறாங்க?" என்றார்.

அந்தத் துண்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. துண்டைப் பிடித்து இறங்கினேன். கதை பேசுகிறேன், போட்டிக்கு, எல்லாம் பொய் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. போனைக் காட்டி, எழுத்து ஓடுவதைக் காட்டி, பழைய பக்கங்களைப் படித்துக் காட்டிய பிறகு, மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோபப்பட்டுத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ரெண்டு வாரமாச் சோறு எறங்கலீங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நான் பேசுவதை முதல் நாளிலிருந்தே கேட்டிருக்கிறார். வீட்டில் போய் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். தினமும் போன உடனே, இன்றைக்கு அந்தம்மா எப்படி இருந்தது என்றுதான் மனைவி கேட்பாராம். கதைக்காரி கயிறு என்று பேசிய அன்று, கயிற்றை எடுத்து ஒளித்துவைக்கச் சொன்னது அவர் மனைவிதான். மருந்து என்று பேசிய அன்று மருந்தையும். கயிறு மூன்றாவது மரத்தின் உச்சியில் இருந்தது. பாட்டிலை வேலியோரம் மட்டைக் குவியலுக்கு அடியில் புதைத்திருந்தார். என் வீட்டுக்காரரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவராலதான் இத்தனையும்னு நீங்களே சொல்றீங்க. அவருகிட்டப் போயி என்னன்னு சொல்றதுங்க?" என்றார். முகம் கொடுத்துப் பேசாத காரணமும் அதுதான்.

எழுந்து போகும்போது கடைசியாக ஒன்று சொன்னார். "இன்னையோட எனக்கு இந்தத் தோப்பு இல்லீங்க. காத்தாலயே சொல்லிட்டாங்க, சாமானத் தூக்கிட்டுக் கெளம்புன்னு. நாளைக்கு மேல உங்களை ஆரு பாக்கறதுன்னுதான் மத்தியானம் வரைக்கும் இருக்கலாம்னு ஏறுனேன்."

திருடன் என்று பெயர் வைத்து அனுப்பியது அவருக்குத் தெரியும். வைத்தது நான் என்று தெரியாது. கொடுவாளையும் கட்டையையும் எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

உடனே ஓடிப்போய் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. அரை நாள் யோசித்தேன். சொல்வதென்றால் கதையைக் காட்டவேண்டும். அதில் வருகிற புருஷனை அவர் படிக்கவேண்டும். எல்லாம் கற்பனை என்று செத்துக்காரரிடம் சொன்னேனே தவிர, எனக்கே அது முழுக்க உண்மையில்லை. கயிறு எங்கேயோ கிடைத்தது என்று சொல்லி முடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கயிற்றுக்கு அந்தப் பொய் போதும். ஒரு மனுஷனுக்குப் போன பெயரை அது திருப்பித் தராது. அந்த வட்டாரத்தில் ஒரு தோப்பில் திருடன் என்றால் மற்ற தோப்பிலும் மரம் கிடைப்பது கஷ்டம்.

சாயங்காலம் போனை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, முதலில் இதைப் படியுங்கள், பிறகு ஒரு விஷயம் சொல்கிறேன் என்றேன். வாசலில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் படித்தார். நான் அடுப்பங்கரையில் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். படித்து முடித்ததும் கிணற்றடியில் நடந்ததைச் சொன்னேன். நான் சுவரில் உட்கார்ந்ததையும் மறைக்கவில்லை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல எது நெசம்?"

"பொண்டாட்டிய ஒரு நாளும் சாப்புட்டயான்னு கேக்காதது மட்டும் நெசமுங்க" என்றேன்.

பைக் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எலப்புள்ளிக்குப் போயிருக்கிறார். அங்கே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பி வந்து கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, தப்பு எங்கள் மேல் என்று சத்தமாகச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில், "நீ சாப்புட்டயா?" என்று என்னைக் கேட்டார். பழக்கமில்லாததால் அதட்டுவதுபோல இருந்தது.

கான்ட்ராக்டர் அதற்குள் செத்துக்காரரை வேறு தோப்புக்கு அனுப்பியிருந்ததால், திரும்பி வர ஐந்து நாள் ஆனது. புது ஆளும் வரவில்லை. தட்டாமலும் சீவாமலும் விட்டதில் எங்கள் பாளைகள் எல்லாம் உலர்ந்துவிட்டன. வந்தவர் அவற்றை வெட்டிப் போட்டுவிட்டுப் புதுப் பாளைகளைக் கட்டினார். புதுப் பாளையைப் பல நாள் தட்டினால்தான் சொட்டத் தொடங்கும். அதுவரை அவருக்குக் கள்ளும் இல்லை, கூலியும் சொற்பம். அது என் வாயால் வந்த நஷ்டம். அவர் வந்த அன்று மரத்தடியில் நின்று, கயிறு காணாமல் போனபோது உங்கள் பெயரைச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன். "ஒண்ணு காணலைன்னா மரத்து மேல இருக்கறவனத்தான் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அது எனக்கு வலித்தது. வலிக்கவேண்டியதுதான்.

அந்த ஐந்து நாளும் நான் கதையில் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. பதினான்கு நாள், நூற்றைந்து பக்கம் பாக்கி. குரும்பையை எட்டாக்கிக் கிணற்றுச் சுவரில் வைத்தேன். மூன்று சுற்று சும்மா நடந்தேன். மேலே ஒருவர் கேட்கிறார் என்று தெரிந்தபின் வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. இத்தனை களேபரம் பண்ணி எழுதி என்ன கிழிக்கப்போகிறோம் என்ற எண்ணமும் வந்தது. நான்காவது சுற்றை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

அப்போது மேலே தட்டுகிற சத்தம் நின்றது.

"சேச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. அந்தம்மா அஞ்சு நாளாக் கெணத்துச் சொவத்துலயே உக்காந்திருக்குதுங்க. என்ற சம்சாரம் போட்டு நச்சரிக்கறா. அப்பறம் என்னாச்சுங்க?"

கதை என்று தெரிந்த பிறகும் கேட்டார். என்மேல் வருத்தம் தீராத நிலையிலும் கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. போனை எடுத்தேன். அவள் குதிக்கிறாள் என்று சொல்ல வாய் திறந்தேன், முடியவில்லை. எலப்புள்ளியில் ஒருத்தி சாயங்காலம் கேட்பாளே, அவளிடம் இவர் என்னவென்று சொல்வார்? அதனால் அவளைச் சுவரிலிருந்து கீழே இறக்கினேன். இறங்கியபின் சோறு தேடவேண்டியிருந்தது, வேலை தேடவேண்டியிருந்தது, விட்டுவந்த வீட்டுக்கு ஒரு நாள் போய்ப் பேசவேண்டியிருந்தது. குதித்திருந்தால் நூறு பக்கம் புலம்பலாகப் போயிருக்கும். பிழைத்ததால் பக்கம் போதவில்லை.

அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை. அலுப்பாக இருந்த நாளிலும், வார்த்தை கட்டையாக இருந்த நாளிலும், பாளையில் ஒரு சொட்டும் இல்லாமல் மேலே அவர் தட்டிக்கொண்டிருந்தார், கீழே நான் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் அதிகம் பேசமாட்டார். ஆளை மாற்றிப் பெயர் சொல்லிவிட்டால் மட்டும், "அது மூத்தவளுங்க, எளையவ இல்லீங்க" என்று மேலேயிருந்து திருத்துவார். முப்பத்தொன்பதாம் நாள் எட்டாவது குரும்பையைத் தள்ளியபோது நாவல் முடிந்திருந்தது. மறுநாள் மகள் அனுப்பிவைத்தாள்.

பரிசு கிடைக்கவில்லை. பாராட்டுப் பெற்றவை என்று ஒரு நீண்ட பட்டியல் போட்டார்கள், அதிலும் இல்லை. செத்துக்காரரிடம் சொன்னபோது மேலே இரண்டு தட்டு தட்டிவிட்டு, "என்ற சம்சாரத்துக்குப் புடிச்சுதுங்க" என்றார். போன வருடம் முதல் எங்கள் மரங்களுக்கு வேறு ஆள் வருகிறார். எலப்புள்ளிக்காரருக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே மரம் கிடைத்துவிட்டதாம். அவர் மனைவியை நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்போது இரண்டாவது நாவல் பேசிக்கொண்டிருக்கிறேன், அதே கிணற்றடியில், அதே ஆறு குரும்பை. என் கதையைக் கேட்க ஆளில்லை என்று நினைத்தே பதினோரு வருடம் ஓட்டியவள் நான். ஆள் இருந்தார், அண்ணாந்து பார்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை என்பதால், முதல் குரும்பையைத் தள்ளுவதற்கு முன்னால் இன்றும் ஒரு தடவை மேலே பார்த்துக்கொள்கிறேன்.